சம்பந்திச் சண்டை

மைக்ரோகண்ட்ரோலருக்கு நிரல் எழுதுவோர், கம்பைலரும் டீபக்கரும் ஒரே குடும்பம் என்று நம்புகிறார்கள். உண்மையில் அவர்கள் சம்பந்திகள். சிரித்துப் பேசுவார்கள், முறை ஒன்று பிசகினால் போதும், பந்தியிலிருந்து எழுந்துவிடுவார்கள்.

அவர்களுக்கிடையே நடக்கும் பேச்சின் வடிவம் ட்வார்ஃப். எந்த வரி எந்த முகவரியில், எந்த மாறி எந்த ரெஜிஸ்டரில் என்று கம்பைலர் எழுதிவைக்கும், டீபக்கர் படித்துக்கொள்ளும். அதன் 5ஆம் பதிப்பு 2017இல் வந்தது. 2021இல் வெளியான ஜிசிசி 11 என்ற கம்பைலர் அதையே தன் வழக்கமாக்கிக்கொண்டது. ஜிடிபி என்ற டீபக்கரின் பழைய பதிப்போ, 'பதிப்பு 5 என்கிறாய். 2, 3, 4 தவிர வேறெதுவும் எனக்குத் தெரியாது' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இத்தனைக்கும் போர்டில் எல்இடி ஒழுங்காகச் சிமிட்டிக்கொண்டிருக்கும். நிரலில் குற்றமில்லை, குற்றம் கண்டுபிடிக்க வந்தவருக்குத்தான் எழுத்து படிக்க வரவில்லை. நாமோ யுஎஸ்பி கேபிளை மாற்றுவோம், டிரைவரை மறுபடி நிறுவுவோம், கடைசியில் புது போர்டே வாங்குவோம். ஜிடிபியைப் புதுப்பித்தாலோ, 'ட்வார்ஃப் 4இலேயே எழுது' என்று கம்பைலருக்கு ஓர் ஆப்ஷன் கொடுத்தாலோ தீர்ந்தது. ஆனால் அவ்வளவு மலிவான தீர்வை யார் நம்புவது?

சமாதானம் ஆன பிறகு ஆப்டிமைசேஷன் வரும். ஓ2 நிலையில் ஒரு மாறியின் மதிப்பைக் கேட்டால், சில சமயம் 'ஆப்டிமைஸ்ட் அவுட்' என்பார் டீபக்கர். அதாவது, நீங்கள் எழுதியது தேவையில்லை என்று கம்பைலர் தூக்கிவிட்டார். இதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல எந்த மேலாளருக்கும் இன்னும் வரவில்லை.