ஸ்கூபாத் திணை: நீல் தீவுப் பயணத் திட்டமிடல் குறித்து ஓர் ஆய்வு

ஸ்கூபாப் பயணத் திட்டம் என்பது கடலுக்கடியில் முக்கால் மணி நேரம் இருப்பதற்காகத் தரையில் மூன்று மாதம் பேசுவது. இது தனியாள் செயலன்று. நால்வரும், ஒரு வாட்ஸ்அப் குழுவும், அந்தக் குழுவுக்கு முகப்பாக ஒரு மீன் படமும் கூடியவழியே நிகழும். நால்வருள் ஒருவர் கடைசி வாரத்தில் வரமாட்டார். அவர் யார் என்பது மட்டும் முன்கூட்டித் தெரிவதில்லை.

தொல்காப்பியர் நிலம் பகுத்தபோது கடலையும் கரையையும் நெய்தலுக்குக் கொடுத்தார். கடலின் அடிப்புறத்தைத் தனியே யாருக்கும் ஒதுக்கவில்லை. மன்னார் வளைகுடாவில் கயிற்றில் கட்டிய கல்லைப் பற்றிக்கொண்டு இறங்கி முத்தும் சங்கும் எடுத்தவர்கள் இருந்தும் இக்குறை நீடித்தது. அவர்கள் குழு அமைத்து விவாதிக்காமல் மூச்சை அடக்கி இறங்கிவிட்டதால் இலக்கணத்துக்கு வேலை இல்லாமல் போயிருக்கலாம். ஆகவே ஸ்கூபாவை நெய்தலின் உட்பிரிவாகக் கொண்டு முதல், கரு, உரி என்னும் முறையில் ஆராய்வதே தகும்.

முதற்பொருளுள் நிலம் முன்னது. இங்கு எடுத்துக்கொள்ளப்பட்டது அந்தமானில் உள்ள நீல் தீவு. போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே ஏறக்குறைய 36 கி.மீ. தொலைவில், 14 சதுர கி.மீ.க்குள் அடங்குவது, 2011 கணக்கெடுப்பில் மக்கள் மூவாயிரம் பேர். வங்காள அகதிக் குடும்பங்கள் குடியேறிப் பயிர் செய்யும் ஊர். சுற்றுத் தீவுகளுக்குக் காய்கறி இங்கிருந்தே போகிறது. கடற்கரைகளின் பெயர்கள் பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர், ராம்நகர். ராமாயணத்தின் முக்கியப் பாத்திரங்கள் எல்லாரும் குளிக்க வந்த இடம் போலிருக்கும்.

தீவுக்குப் பெயர் தந்தவராகச் சொல்லப்படும் கர்னல் நீல், சென்னைக்கு அந்நியரல்லர். 1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய மதராஸ் ஃப்யூசிலியர்ஸ் படையின் தளபதி அவர். மவுண்ட் ரோட்டில் நின்ற அவர் சிலையை அகற்றக் கோரி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது. 1937இல் ராஜாஜி அமைச்சரவை அதை அகற்றியது. இன்று அது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தீவு மட்டும் 2018 டிசம்பர் வரை காத்திருந்து ஷஹீத் தீவு ஆயிற்று. பயணம் பதிவு செய்யும் தளங்களில் இரண்டு பெயர்களும் புழங்குவதால், இரண்டும் வேறு தீவுகள் என்று எண்ணி இரண்டுக்கும் ஒவ்வோர் இரவு ஒதுக்கும் திட்டங்கள் உருவாக வாய்ப்பு உண்டு.

நீலை விட்டு அருகிலுள்ள ஹேவ்லாக் தீவுக்கே போக வேண்டும் என்பார் ஒரு சாரார். அங்கே ஸ்கூபாக் கடைகள் அதிகம், விடுதிகள் அதிகம் என்பது அவர் கூற்று. அது பொருந்தாது. என்னை? அதே காரணத்தால் ஆட்களும் அதிகம் ஆகலின். அமைதி நாடுவோர் நீலுக்கே போவர்; போய், இரண்டாம் நாள் மாலை ‘இங்கே வேறு என்ன இருக்கிறது?’ என்று விடுதிக்காரரைக் கேட்பர். இக்கேள்வி எழாத இடத்தை அமைதியான தீவு என்று கொள்ள முடியாது.

அடுத்து, பொழுது. நெய்தலுக்கு ஆறு பெரும்பொழுதும் உரியவை என்பது மரபு. ஸ்கூபாத் திணைக்கு அந்தத் தாராளம் இல்லை. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வந்து சேரும். அதன்பின் செப்டம்பர் வரை அலையும் மழையும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடல் புயலுக்குப் பேர்போனது. எஞ்சுவது டிசம்பர் இறுதி முதல் ஏப்ரல் வரை. நால்வருக்கும் ஒன்றாக விடுப்புக் கிடைப்பதோ பெரும்பாலும் மே மாதத்தில்தான், பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி. சிறுபொழுதிலும் மரபு மாறுகிறது. நெய்தலுக்குரிய எற்பாடு (கதிர் சாயும் பொழுது), டிசம்பர் அந்தமானில் மாலை ஐந்து மணிக்கே வந்துவிடும். நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம், தீவுகளோ வெகு கிழக்கே. எனவே ஸ்கூபாவுக்குரிய சிறுபொழுது காலை. ‘ரிலாக்ஸாகப் பத்து மணிக்குக் கிளம்பலாம்’ என்ற முன்மொழிவைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்வது நலம்.

கருப்பொருள்களுள் தலையாயது சிலிண்டர். நாளிதழ்கள் இதை ஆக்சிஜன் சிலிண்டர் என்று எழுதுகின்றன. உள்ளே இருப்பது சாதாரணக் காற்று, 200 பார் அழுத்தத்தில் அடைத்தது. சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்தபடி ஆறேழு மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வரும் அபாயம் உண்டு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் உள்ளதைப் போல இருமடங்கு. ஆகவே ஒவ்வொரு மூச்சும் இருமடங்கு காற்றைத் தின்னும். இருபது மீட்டரில் மும்மடங்கு. அளவி 50 பார் காட்டுவதற்குள் மேலே வந்துவிட வேண்டும். பதற்றத்தில் பெருமூச்சு விடுபவர் ஒருவர் இருந்தால் அவருக்காக மற்றவர்களும் சீக்கிரம் ஏற நேரும். திட்டக் கூட்டங்களில் அதிகம் பேசுபவரே கடலிலும் காற்றை அதிகம் செலவழிக்கிறார் என்று ஒரு கருத்து உண்டு. சான்று இல்லை, மறுப்பும் இல்லை.

அடுத்த கருப்பொருள் முகக்கண்ணாடி. தமிழ் ஆடவர் திட்டமிடுகையில் அறவே கருதாத இடர் இங்கேதான் இருக்கிறது: மீசை. கண்ணாடியின் சிலிகோன் விளிம்பு மூக்கையும் சேர்த்து மூடி மேலுதட்டின் மீது படிந்து உட்கார வேண்டும். மீசை மயிர் இடையே புகுந்தால் விளிம்பு தோலில் ஒட்டாது. தண்ணீர் கசிந்து மூக்குத் துளையருகே தேங்கும். மூன்று தீர்வுகள் உண்டு. மூக்கின் அடியில் ஒரு கீற்று மழிக்கலாம். சிலிகோன் கிரீஸ் தடவலாம். அல்லது கண்ணாடியின் மேல்விளிம்பை அழுத்திப் பிடித்து, அண்ணாந்து, மூக்கால் ஊதி நீரை அவ்வப்போது வெளியேற்றலாம். முதல் தீர்வை முன்மொழியும் பயிற்றுநருக்கும் மீசைக்காரருக்கும் இடையே நிலவும் மௌனம் படகிலேயே நீளமானது. கண்ணாடியில் ஆவி படியாதிருக்க உட்புறம் எச்சில் துப்பித் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பதும், அந்தக் கண்ணாடி வாடகைக்கு எடுத்தது என்பதும் அடுத்தடுத்துச் சொல்லப்படும் செய்திகள்.

சைகையும் கருப்பொருளே. தண்ணீருக்குள் கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போவோம் என்று பொருள். அழகான மீனைக் கண்டு ‘சூப்பர்’ என்று கட்டைவிரல் காட்டியவரை வழிகாட்டி கடமை தவறாமல் மேலே கொண்டுபோய் விட்டுவிடுவார். நலம் என்று காட்டக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும்.

விலங்குகளுள் கோமாளி மீனும் சிங்க மீனும் காணத்தக்கவை. கடற்பசு, அதாவது நம் பாக் நீரிணைக்காரர்களின் ஆவுளியா, இத்தீவை ஒட்டிய கடற்புல் வெளிகளில் மேய்வதுண்டு. அதைக் காண்பதற்கென்றே திட்டம் போடுவது வீண். பவளத்தை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது.

இனி உரிப்பொருள். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். இவ்வொரு விதி மட்டும் ஸ்கூபாத் திணைக்கு அப்படியே பொருந்துகிறது. முதல் இரங்கல் மூழ்குமுன் நிரப்பும் மருத்துவப் படிவத்தால் வருவது. ஆஸ்துமா, காது அறுவை, இதய நோய் பற்றிய கேள்விகளுக்கு ஒரே ஓர் ‘ஆம்’ விழுந்தாலும் மருத்துவர் சான்று கேட்பார்கள். அதைக் கடையில் நின்று நிரப்புவதைவிட ஊரிலேயே கேட்டு வாங்கிப் படிப்பது அறிவுடைமை. இரண்டாவது காதால் வருவது. விகிதப்படி அழுத்த மாற்றம் மிகக் கடுமையாக இருப்பது முதல் பத்து மீட்டரில்தான். முதல் மீட்டரிலிருந்தே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைச் சமன்செய்துகொண்டே இறங்க வேண்டும். சளி பிடித்தவருக்கு நடுச்செவிக்கும் தொண்டைக்கும் இடையிலான குழல் அடைத்திருக்கும். மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால் அதன் வேகம் ஆழத்தில் தணியலாம். அப்போது ஏறுவது இறங்குவதைவிடத் துன்பம். விமான ஏசி, படகு ஏசி, விடுதி ஏசி ஆகிய மூன்றையும் கடந்து சளியின்றி வந்தவரே தகுதியாளர்.

மூன்றாவது இரங்கல் விமானத்தால் வருவது. இதைத்தான் திட்டங்கள் எல்லாம் மறக்கின்றன. ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். பறக்கும் விமானத்தின் உள்ளழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம். ஊட்டியின் உயரம் ஏறக்குறைய 2,240 மீட்டர். அதாவது கடலடியிலிருந்து எழுந்தவரை நேரே ஊட்டியில் இறக்கிவிடுவதற்கு ஒப்பான செயல் அது. ஒரே முறை மூழ்கியவர் 12 மணி நேரமும், பல நாள் மூழ்கியவர் 18 மணி நேரமும் குறைந்தது காத்திருக்க வேண்டும். 24 என்று வைத்துக்கொள்வோர் நிம்மதியாகப் பறப்பர். இத்துடன், கடல் சீறினால் படகு ரத்தாகும் என்பதையும் கூட்டவேண்டும். ஆகவே திட்டத்தைப் பின்னிருந்து போட வேண்டும்: முதலில் திரும்பும் விமானம், அதற்கு முந்தைய நாள் போர்ட் பிளேருக்குப் படகு, மூழ்குதல் எல்லாம் அதற்கும் முன்னே. வந்திறங்கிய மறுநாள் ஊர் சுற்றிவிட்டு, மூழ்குவதைக் கடைசிக்கு ‘ஹைலைட்’டாக வைத்த குழு, கரையில் நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்.

இவ்வாறு போட்டால் நீல் தீவில் ஓர் அரை நாள் வேலையின்றி எஞ்சும். அதற்கு உரியது லட்சுமண்பூரில் உள்ள பவளப்பாறை வளைவு. நீர் வற்றிய நேரத்தில் மட்டுமே அதனடிக்கு நடந்து போக முடியும். வற்றும் நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அன்றைய நேரத்தை விடுதியில் கேட்டுக்கொண்டு, வழுக்காத செருப்புடன் போகவும்.