பாலிசிப்படி நாங்களும் போட் கிளப்

வடசென்னைக்காரனையும் தென்சென்னைக்காரனையும் சரிசமமாக மதிக்கிற ஒரே அரசாங்கக் காகிதம் எதுவென்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: கார் இன்சூரன்ஸ் கட்டண அட்டவணை. அந்தக் காலத்து மோட்டார் டாரிஃப் இந்தியாவை இரண்டே மண்டலங்களாகப் பிரித்தது. சென்னை, மும்பை, கொல்கத்தா, புதுதில்லி, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டு ஊர்களும் ‘ஏ’ மண்டலம். மீதி பாரதம் முழுக்க ‘பி’. ஐந்து வயதுக்குட்பட்ட 1000 முதல் 1500 சிசி காருக்கு ‘பி’யில் மதிப்பில் 3.191 சதவீதம் என்றால் ‘ஏ’யில் 3.283 சதவீதம். 2007 ஜனவரியிலிருந்து நம் வண்டியின் சேதத்துக்கான கட்டணத்தைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆனாலும் தள்ளுபடி எல்லாம் இந்தப் பழைய அட்டவணையிலிருந்துதான் கழிகிறது.

எங்கள் திருவொற்றியூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது 2011-ல். மெட்ரோ ரயில் விம்கோ நகர் வந்து சேர்ந்தது 2021-ல். எல்லாம் ஆற அமரத்தான் வந்தன. நம்பர் பிளேட்டில் டி.என்.03 என்று எழுதிய அன்றே வந்து சேர்ந்த மரியாதை இந்த ‘ஏ’ மண்டலம் ஒன்றுதான். தென்சென்னையில் பணக்காரர்கள் வாழும் போட் கிளப் சாலையில் மரநிழலில் தூங்கும் காரும், எண்ணூர் சாம்பலும் கடல் உப்பும் மாறி மாறிப் பூசிக்கொண்டு என் வீட்டு வாசலில் நிற்கும் காரும் பிரீமியத்தின் முன் சமம். சாம்பல் அரித்துத் துரு பிடித்தால் மட்டும் அது ‘தேய்மானம்’. பாலிசியில் வராது.

என் கார் 1200 சிசி. வயது ஒன்பது. இன்சூரன்ஸ் கணக்கில் புது வண்டி ஆறு மாதத்தில் 5 சதவீதம் இளைக்கிறது, ஒரு வருடத்தில் 15, ஐந்து வருடத்தில் 50. அதற்கு மேல் வயதான வண்டிக்கு, கம்பெனியும் வாடிக்கையாளரும் பேசி ஒப்புக்கொண்ட மதிப்பு என்று விதி சொல்கிறது. பேச்சுவார்த்தை சுமுகமாகவே நடக்கும். கம்ப்யூட்டர் ஒரு தொகையைச் சொல்லும், நான் ஒப்புக்கொள்வேன். ஆக, கார் வருடா வருடம் இறங்குகிறது, ரினியூவல் நோட்டீஸ் வருடா வருடம் ஏறுகிறது. இரண்டும் எங்கேயாவது சந்தித்துக்கொண்டால் காரைக் கொடுத்துவிட்டு பாலிசியை வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

தனியார் கம்பெனிக்கு மாறுவதுதானே என்பீர்கள். அது எங்கள் வீட்டில் நடக்காது. “கவர்மெண்டு கம்பெனிடா, ராவோட ராவா ஓடிப்போக மாட்டான்” என்பது அப்பா விட்டுச்சென்ற ஆஸ்தி. 1973 ஜனவரி முதல் தேதி, நாட்டிலிருந்த 107 பொதுக் காப்பீட்டு நிறுவனங்களை அரசாங்கம் நாலாகத் திரட்டியது. கொல்கத்தாவுக்கு நேஷனல், மும்பைக்கு நியூ இந்தியா, தில்லிக்கு ஓரியண்டல், நம்ம சென்னைக்கு யுனைடெட் இந்தியா. இதில் என்னுடையது எது என்று கேட்காதீர்கள். கவுன்டரில் இருக்கும் மேடம் நல்லவர்.

அப்பா சொன்னதும் பொய்யில்லை. ஓடிப்போகத்தான் விடவில்லையே! நாலில் மூன்று கம்பெனிகள் தள்ளாடியபோது, 2021-22 வரையான மூன்று வருடங்களில் மத்திய அரசு 17,450 கோடி ரூபாய் போட்டுத் தூக்கி நிறுத்தியது. மூன்றையும் ஒன்றாக்குகிறோம் என்று 2018 பட்ஜெட்டில் சொன்னார்கள். 2020-ல் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த 17,450 கோடியில் என் வரிப்பணமும் சில்லறையாகக் கிடக்கும். பாலிசிதாரனாக ஒரு தரம், பிரஜையாக ஒரு தரம் கட்டியாகிவிட்டது. பில்லின் அடியில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று மூன்றாவது தரம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் அந்த வரி கிடையாது. காருக்கு உண்டு. எனக்கு எலும்பு முறிந்தால் அரசாங்கம் இரங்குகிறது, பம்பர் முறிந்தால் இரங்குவதில்லை.

“வண்டி மதிப்பு குறைஞ்சிருக்கு மேடம், பணம் மட்டும் ஏறியிருக்கே?”

“ஓன் டேமேஜுல டிஸ்கவுண்டக் குறைச்சிட்டாங்க சார். தேர்டு பார்ட்டி நம்ம கையில இல்ல. அது டெல்லி.”

மேடம் சொல்வது நிஜம். தேர்டு பார்ட்டி கட்டணத்தை முன்பு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வைத்தது. 2022-லிருந்து சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவிக்கிறது. என் காரின் வகைக்கு 2015-ல் 1,598 ரூபாய். 2016-ல் 2,237, 2017-ல் 2,863, 2019-ல் 3,221, 2022 ஜூனில் 3,416. பாலிசிக் காகிதங்களை வரிசையாக அடுக்கினால் என் பையனின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டு வைத்ததைப்போல இருக்கிறது, அவனாவது ஒரு வயதில் நின்றுவிட்டான். அநியாயமாகப் பேசக்கூடாது, குறைத்ததும் உண்டு. 75 முதல் 150 சிசி பைக்குக்கு 752-லிருந்து 714 ஆக்கினார்கள். முப்பத்தெட்டு ரூபாய்! வீட்டிலிருக்கும் ஸ்கூட்டர் அன்று தலைநிமிர்ந்து நின்றது.

பக்கத்து வீட்டு அண்ணன் டிரெய்லர் வைத்திருக்கிறார். மணலி யார்டிலிருந்து துறைமுகம் ஜீரோ கேட்டுக்கு கன்டெய்னர் அடிப்பது தொழில். என் 3,416-ஐச் சொல்லிப் புலம்பினேன்.

“இன்னா தம்பி, இதுக்கா மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு கீற? நாப்பது டன்னுக்கு மேல கீற என் வண்டிக்கு தேர்டு பார்ட்டி மட்டும் 44,242. ஜீரோ கேட் லைன்ல வண்டி நகராமயே நிக்குது. நிக்கற வண்டி யார இடிக்கப் போவுது?”

“எல்லாரும் சேர்ந்து கேட்கலாமே அண்ணே.”

“கேட்டோமே! 2017-ல மார்ச் முப்பதாந்தேதி தெக்கத்தி லாரி எல்லாம் நிறுத்துனோம். ஏத்துனதுல கொஞ்சம் எறக்குனான். நீ காரை நிறுத்துனா எவன் கவலப்படுவான்? ரோட்ல எடம் கெடச்சுதுன்னு எங்க டிரைவருங்கதான் சந்தோஷப்படுவானுங்க.”

பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை என் பம்பர் மீது விழுந்து சட்டென்று விலகியது. எண்ணூர் விரைவுச் சாலையில் ஏதோ ஒரு டிரெய்லர் போகிற போக்கில் போட்ட கோடு அது. கோடு என்று சொல்வது கௌரவத்துக்காக. உள்ளே கை விட்டால் ஹெட்லைட் ஒயர் தட்டுப்படும். மாற்ற எட்டாயிரம் ஆகும் என்றார் மெக்கானிக். பாலிசியில் பிளாஸ்டிக் என்றால் பாதி தேய்மானம், நாலாயிரம் போச்சு. கட்டாயமாக நாம் போட வேண்டியது ஆயிரம், அதுவும் போச்சு. மீதி மூவாயிரத்தைக் கேட்டு வாங்கினால், ஐந்து வருடம் கிளெய்மே போடாமல் சேர்த்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஆகவே காப்பீடு இருக்கிற தைரியத்தில் கைக்காசைப் போட்டுத் தண்டையார்பேட்டையில் டிங்கரிங் பார்த்துக்கொண்டேன். இங்கே பாதிப் பேர் இப்படித்தான். கிளெய்ம் வாங்காமல் இருப்பதற்காகப் பிரீமியம் கட்டுகிறோம்.

மிக்ஜாம் புயலில் வேறு பாடம் கிடைத்தது. 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்ததே, எர்ணாவூரில் என் மச்சான் கார் அதில் இரண்டு நாள் ஊறியது. தண்ணீர் வடிந்த பிறகு கதவில் கரிய பட்டை ஒன்று, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக ஓடியது. விரலால் தொட்டால் விரல் நகம் ஒரு வாரம் கறுப்பு. வந்த சர்வேயர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இது வெள்ளச் சேதமா சார், எண்ணெய்ச் சேதமா?”

“அதைத்தான் சார் பசுமைத் தீர்ப்பாயமும் விசாரிச்சிட்டிருக்கு. தீர்ப்பு வந்ததும் சொல்றேன்” என்றான் மச்சான்.

அடுத்த கேள்வி அதைவிட முக்கியமானது: “ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?” வெள்ளத்தில் வண்டி முழுகினால் பாலிசி பணம் தரும். முழுகிய வண்டியில் ஆசையாகச் சாவியைத் திருப்பி, தண்ணீர் இன்ஜினுக்குள் ஏறி அது உடைந்தால் சாதாரண பாலிசியில் தராது. அதற்குத் தனியாக ‘இன்ஜின் புரொடெக்ட்’ எடுக்க வேண்டும், அதற்குத் தனிப் பிரீமியம். எங்களைப் போட் கிளப் என்று கணக்கு வைத்ததற்கு டிசம்பர் மாதம் உண்மையிலேயே போட்டு வந்தது என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். மீனவர்கள் ஓட்டி வந்தார்கள். பிரீமியம் கேட்கவில்லை.

இத்தனை திட்டினாலும் ஓர் இடத்தில் வாய் அடைத்துப்போகிறது. ஓன் டேமேஜ் நம் வண்டிக்கு. தேர்டு பார்ட்டி நமக்கில்லை, நாம் இடித்தவனுக்கு. உயிர் போனாலோ காயம் பட்டாலோ இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு அதற்குக் கிடையாது. டேங்கரும் டிரெய்லரும் ராத்திரி பகலாக ஓடுகிற இந்தப் பக்கத்தில், சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் விபத்து இழப்பீட்டு வழக்கு இல்லாத தெருவைக் காண்பது அரிது. பால் வாங்கப் போன மனுஷன் திரும்பாத வீடு எங்கள் தெருவிலும் உண்டு. பெரிய தொகை வர வேண்டும் என்று தெருவே வேண்டிக்கொண்டது. வேண்டிக்கொண்ட வாயாலேயே கவுன்டரில் பிரீமியத்தைக் குறை என்கிறோம். இரண்டு வேண்டுதலையும் ஒரே சாமியால் நிறைவேற்ற முடியாது.

அதனால் இப்போது என் குறை வேறு. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டி மாட்டினால் சட்டப்படி அபராதம் 2,000 ரூபாய். மறுபடி மாட்டினால் 4,000. நான் ஒழுங்காகக் கட்டினால் தேர்டு பார்ட்டி மட்டும் 3,416! முதல் தரம் மாட்டிக்கொள்பவனுக்கு அரசாங்கமே தள்ளுபடி கொடுக்கிறது. எட்டிலேயே படிப்பை விட்ட அண்ணன் என்னைவிட வேகமாகக் கணக்குப் போட்டார்.

“எனக்கு பதினோரு தபா மாட்டுனாகூட 42,000-தான். கட்டாதவனுக்கு லாபம்!”

“மூணு மாசம் வரைக்கும் ஜெயிலும் உண்டு அண்ணே.”

“ஜெயில வுடு. ஒருத்தன இடிச்சா? கோர்ட்டு சொல்ற தொகை மொத்தமும் என் தலையில. வண்டிய வித்தாலும் பத்தாது, வூட்ட வித்தாலும் பத்தாது.”

மறுநாள் நானும் அவரும் ஒன்றாகப் போய்க் கட்டினோம். 44,242-க்கு மேல் வரியையும் சேர்த்து எண்ணி வைத்துவிட்டு, டெல்லியில் இருப்பவர்களை வடசென்னை முறைப்படி நாலு வார்த்தை வாழ்த்தினார். பிறகு கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, “இந்த வருசமாவது காலண்டர் கீதா மேடம்?” என்றார்.

“செலவைக் குறைக்கிறோம் சார், அச்சடிக்கல.”

“பாத்தியா தம்பி,” என்றார் அண்ணன், ரசீதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே. “எங்கயோ ஒண்ணு குறைச்சிருக்கான்.”