கெஃபிர் மாமா

எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இப்போது ஒரு கெஃபிர் மாமா இருக்கிறார். வாயகன்ற கண்ணாடிப் பாட்டில், அதன் வாயில் ரப்பர் பேண்டு போட்ட பழைய வேட்டித் துணி. இதுதான் அடையாளம். "இறுக்கி மூடக் கூடாது சார், காஸ் சேரும்" என்பார், யாரும் கேட்காமலே.

உள்ளே பாலில் கிடப்பவை வெள்ளையாய், முடிச்சு முடிச்சாய், வழவழப்பாய் இருக்கும். பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் கூட்டுக் குடித்தனம் நடத்தும் கெஃபிர் மணிகள். பாலைப் புளிக்க வைத்துக் கெஃபிர் என்ற பானமாக்குபவை இவைதான். பூர்வீகம் காக்கசஸ் மலை. அதைச் சொல்லும்போது மட்டும் மாமாவுக்கு மூச்சு வாங்கும், எல்பரஸ் சிகரத்தில் ஏறி இறங்கியவர் மாதிரி.

"நம்ம தயிருக்கு என்ன குறைச்சல்?" என்பாள் மாமி. அவ்வளவுதான், பிரசங்கம் ஆரம்பம். தயிருக்கு ஒரு ஸ்பூன் பழைய தயிரே உறை. கெஃபிருக்கு மணியையே வடிகட்டி எடுத்து, அடுத்த பாலில் போட வேண்டும். கால் லிட்டருக்கு ஒரு ஸ்பூன் மணி. புத்தகக் கணக்கு 24 மணி நேரம். சென்னையில் பாதி போதும். அதனால் மே மாதம் மாமா சரியாகத் தூங்குவதில்லை. நடுராத்திரி பாட்டிலைத் தூக்கி விளக்கில் பார்ப்பார். அடியில் தண்ணீர் பிரிந்திருந்தால் புளித்துவிட்டது. நாளை மணியைக் குறை, பாலைக் கூட்டு.

ஊருக்குப் போனால் புதுப் பாலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். மாமாவுக்கு மனசு கேட்காது. பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, திருப்பதி க்யூவில் நின்றபடி போன் செய்வார்.

"பால் மாத்தினீங்களா?"

"மாத்தி, குழாயில நல்லா அலசியும் வெச்சேன் மாமா."

"ஐயையோ! குளிப்பாட்டச் சொன்னது யாரு? குளோரின் ஆகாதும்மா!"

கோவிந்தா சத்தத்தில் மீதி கேட்கவில்லை.

ஒருநாள் அலசலில் அவை சாவதில்லை. இளஞ்சிவப்பு ஓடினாலோ பூஞ்சை பூத்தாலோதான் மொத்தமாகக் கொட்ட வேண்டும். உண்மையான தொல்லை, அவை வளர்வது. உபரியை யார் தலையிலாவது கட்டியாக வேண்டும். மாமா லிஃப்டில் வந்தால் மாடிப்படி நிறைந்துவிடும். "எனக்குச் சர்க்கரை, மாமா" என்று நழுவினாலும் விடமாட்டார்: "பாலில் இருக்கிற சர்க்கரையை அதுங்களே சாப்பிட்டுடும்!" அதில் பாதிதான் உண்மை. மீதி நமக்குத்தான்.

நேற்று மூன்றாவது மாடிக்குப் புதுக் குடித்தனம் வந்தது. லாரியிலிருந்து கட்டில்கூட இறங்கவில்லை, மாமா பாட்டிலோடு கேட்டில் நிற்கிறார்.

"வாங்க வாங்க! வீட்டுக்குத் தினம் எத்தனை பாக்கெட் பால் வாங்குவீங்க?"