கடவுச்சொல் காப்பாளர்

வீட்டு வைஃபைக்குத் தம்மைத் தாமே காவலாக நியமித்துக்கொண்ட குடும்பத்தலைவர், பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவராகவும், வங்கியின் எச்சரிக்கைக் குறுஞ்செய்திகளை ஒன்றுவிடாமல் படிப்பவராகவும், ரூட்டரின் பச்சை விளக்கு சற்று வேகமாகச் சிமிட்டினாலே எதிர்வீட்டுக்காரரைச் சந்தேகிப்பவராகவும் காணப்படுகிறார். ரூட்டர் என்பது தெருக் கம்பத்திலிருந்து ஃபைபர் கம்பி வழியே வரும் இணையத்தை வீட்டிலுள்ள கருவிகளுக்குப் பங்கிட்டுத் தரும் பெட்டி. பீரோவில் வைத்துப் பூட்டினால் சிக்னல் வராது என்ற ஒரே காரணத்தால்தான் அது இன்னமும் கூடத்துச் சுவரில் தொங்குகிறது.

காப்பாளரின் முழுத் திறமையும் விருந்தினர் முன்னிலையிலேயே வெளிப்படும். ஊரிலிருந்து வந்த மச்சினர் காபியைக் குடித்து முடித்து, "அத்தான், வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்டதும், கைமாற்றுக் கேட்கப்பட்டவரின் முகம் போல அவர் முகம் மாறும். "ஏன், உன் ஃபோன்ல டேட்டா இல்லையா?" என்பது முதற்கட்ட விசாரணை. அதில் மச்சினர் தேறிவிட்டால், "ஃபோனைக் குடு, நானே போட்டுத் தர்றேன்" என்று வாங்கிக்கொண்டு, சன்னல் பக்கம் திரும்பி, முதுகையே திரையாக்கி, ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்துவார். மூக்குக்கண்ணாடி பூஜையறையில் இருப்பதால் மூன்று முறையும் கடவுச்சொல் தவறு என்று வரும். வேறு வழியின்றி மச்சினரின் எட்டு வயது மகளை அருகில் அழைத்து, காது மந்தமானவர்களுக்கே உரிய ரகசியக் குரலில், "பெரிய எஸ்... எஸ் ஃபார் சுப்பிரமணியன்... அப்புறம் அட் த ரேட் போடு" என்று அவர் ஓதத் தொடங்கினால், அடுக்களையில் தாளித்துக்கொண்டிருப்பவர்களும் மாடிப்படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பவர்களும் அந்த ரகசியத்தைப் பெற்றுவிடுவார்கள். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், இணைப்புப் பெற்ற கைப்பேசி அக்கடவுச்சொல்லைக் கியூஆர் குறியாகத் திரையில் காட்டிப் பிறருக்கு வழங்க வல்லது என்பது அவருக்குத் தெரியாது. அந்தச் சிறுமிக்குத் தெரியும்.

விருந்தினரின் பேருந்து ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே கடவுச்சொல் மாற்றப்படும். பேத்தியின் பெயரும் அட் த ரேட்டும் அப்படியே இருக்க, இறுதியிலுள்ள எண்ணில் மட்டும் ஒன்று கூடும். இதனால் வெளியேற்றப்படுவோர் மச்சினர் குடும்பத்தார் அல்லர். அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும் மருமகளின் மடிக்கணினி, நெடுந்தொடரின் நடுவே உறைந்துபோகும் தொலைக்காட்சி, வாசல் கேமரா ஆகியவையே. திருடரைக் காட்ட வேண்டிய கேமரா இரண்டு நாள் குருடாகக் கிடந்ததை வீட்டில் எவரும் சுட்டிக்காட்டுவதில்லை. சுட்டிக்காட்டினால் கடவுச்சொல் மீண்டும் மாறும்.

வைஃபையின் பெயரையே மறைத்து வைப்பதும் அவரது வழக்கம். ஆனால் மறைந்த பெயரைத் தேடி வீட்டுக் கைப்பேசிகளே அதை அடிக்கடி கூவி அழைப்பதால், ஒட்டுக்கேட்கத் தெரிந்தவருக்கு அது மறைவன்று.

இவை யாவும் சிரித்துக் கடக்கத் தக்கவை. சிரிக்க முடியாதது வேறொன்று உண்டு. ரூட்டருக்குப் பூட்டுகள் இரண்டு. ஒன்று, வைஃபையில் சேர்வதற்கான கடவுச்சொல். மற்றது, உலாவியில் 192.168.1.1 போன்ற முகவரியைத் தட்டினால் திறக்கும் நிர்வாகப் பக்கத்துக்கானது. பெயர் மாற்றுவது முதல் இணையப் போக்கை வேறெங்கோ திருப்பிவிடுவது வரை அனைத்தும் அந்தப் பக்கத்தில்தான் நடக்கும். நெட் போட வந்த பையன் விட்டுச் சென்றபடியே அங்கே பயனர்பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின். ஒவ்வொரு முறையும் இந்த வழியாகவே நுழைந்து வைஃபை கடவுச்சொல்லை மாற்றும் காப்பாளர், இந்த இரண்டு சொற்களையும் எவரிடமிருந்தும் மறைக்காமல், வாய்விட்டுச் சொல்லியபடியே தட்டுகிறார். 2016இல் மிராய் என்ற தீநிரல், இத்தகைய ஆலைக் கடவுச்சொற்கள் அறுபது சொச்சத்தை மட்டுமே முயன்று, கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அக்கருவிப் படையின் தாக்குதலால் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கும் பல மணி நேரம் எட்டாமற் போயின. அட்மினை ஒரே ஒரு முறை மாற்றி, ரூட்டரின் மென்பொருளைப் புதுப்பித்து, பல ரூட்டர்களில் உள்ள விருந்தினர் வைஃபையை இயக்கிவிட்டால், மச்சினருக்குத் தனி வழி கிடைக்கும். மருமகளின் கூட்டமும் அறுபடாது. பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடம் ஐந்து ஆண்டுகளாகக் கிடைக்கவில்லை என்பது அந்த வீட்டாரின் நியாயமான மனக்குறை.

இரவு பத்து மணிக்கு ரூட்டரின் சுவிட்சை அவரே அணைக்கிறார். அணைத்த ரூட்டரை எவரும் உடைக்க முடியாது என்ற அளவில் அவரது ஏற்பாடுகளில் குறை காண இயலாதது இது ஒன்றே. ஆயினும் அமெரிக்காவிலுள்ள மகனுக்குப் பகலாக இருக்கும் நேரம் இங்கே இரவு என்பதால், ஞாயிறுதோறும் பத்தரை மணிக்கு இருட்டில் சுவரைத் தடவி வந்து அதே சுவிட்சைப் போடுகிறார். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து பச்சை நிலைக்கும் வரை பெட்டியின் கீழேயே நிற்கிறார். பேசி முடித்ததும் அணைக்க மறந்து தூங்கிப்போகிறார்.