ஃப்ளைட் கொடுங்க சார்!

கூக்ளி பிறந்த இடம் மைதானம் அல்ல, மேசை. போசன்கெட் என்ற இங்கிலாந்துக்காரர், எதிரே உட்கார்ந்திருப்பவர் பிடிக்க முடியாதபடி மேசையில் டென்னிஸ் பந்தைக் குத்தித் திருப்பும் விளையாட்டில் ஊறிக் கிடந்தவர். அதிலிருந்துதான் அந்தப் பந்தை உருவாக்கினார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்தபோது இந்த வரலாற்றை மனைவிக்கு எடுத்துச் சொன்னேன்.

"அவங்க வீட்டு மேசையில ரசம் இருந்திருக்காதுங்க" என்றாள்.

பழம் அப்போது ரசத்துக்குள் கிடந்தது. ஆனாலும் சொல்கிறேன், அது திரும்பித்தான் விழுந்தது.

நான் ஆஃப் ஸ்பின்னர். ஞாயிறு காலையில் சென்னைப் புறநகரில் ஏதாவது ஒரு கல்லூரி மைதானத்தை வாடகைக்கு எடுத்து, வெள்ளை உடுப்பும் தொப்பையுமாக ஆடும் ஏராளமான அணிகளில் ஒன்றில் இருக்கிறேன். ஒரு காலத்தில் வேகப்பந்துதான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் கேப்டன் ஓடிவந்து, "சார், நீங்க இவ்ளோ நல்லா ஸ்பின் போடுவீங்கன்னு தெரியாமப் போச்சே!" என்று கையைக் குலுக்கினார். அன்று நான் போட்டது என் அதிவேகப் பந்து. வயதில் சின்னவர், மனம் நோகக் கூடாதே என்று அன்றிலிருந்து ஸ்பின்னராகிவிட்டேன்.

அணியில் என் இடம் உறுதியானது. அதற்கு என் ஏழு இருக்கை வண்டிதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். பின் இருக்கையை மடக்கினால் கிட் பேக்குகள், ஸ்டம்புகள், தண்ணீர் கேன், இட்லி பார்சல் எல்லாம் ஏறிவிடும் என்பது உண்மைதான். பொறாமைக்காரர்கள் எதைத்தான் சொல்ல மாட்டார்கள்?

பயிற்சியில் நான் குறை வைப்பதில்லை. ரிச்சி பெனோ லெக் ஸ்பின் போட்டுப் போட்டு விரல் கிழிந்து அவதிப்பட்டபோது, நியூசிலாந்தில் ஒரு மருந்துக்கடைக்காரர் கலமைன் லோஷனையும் போரிக் பவுடரையும் சேர்த்துப் போடச் சொன்னாராம். காயம் ஆறியது. நானும் ஒரு பாட்டில் வாங்கி வைத்தேன். விரலில் காயத்தைத் தேடிக்கொண்டிருந்த இடைவெளியில், வீட்டில் இருந்தவர்கள் வேர்க்குருவுக்குப் போட்டுத் தீர்த்துவிட்டார்கள்.

போன ஞாயிறு எதிரணி ஐ.டி. கம்பெனிப் பையன்கள். ஆட்டம் கைவிட்டுப் போய்விட்டது என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்த பிறகு பந்து என் கைக்கு வந்தது. ஃபீல்டிங் வைக்க நினைத்தேன். அதற்குள் எல்லோரும் தாமாகவே எல்லைக் கோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள்.

ஸ்பின் என்பது தனி ஆள் செய்யும் காரியம் அல்ல. 1988-இல் சேப்பாக்கத்தில் நரேந்திர ஹிர்வாணி முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் எடுத்தார். அதே ஆட்டத்தில் கீப்பர் கிரண் மோரே செய்த ஸ்டம்பிங் மட்டும் 6. எங்கள் கீப்பர் சமீபத்தில்தான் பெருஞ்செலவில் முன்பல் கட்டியவர். ஸ்பின்னுக்கும் பதினைந்தடி தள்ளித்தான் நிற்பார். என் பந்தில் ஸ்டம்பிங் செய்ய வேண்டுமானால் அவர் ஆட்டோ பிடித்துத்தான் வர வேண்டும்.

முதல் பந்து காலில் பட்டது. தொண்டை கிழிய அவுட் கேட்டேன். எங்கள் மட்டத்தில் பேட்டிங் அணிக்காரர்களே முறைபோட்டு நடுவராக நிற்பார்கள். அன்றைய நடுவர் அடுத்து ஆட வேண்டியவர், காலில் பேட் கட்டித் தயாராக நின்றார். "லெக் சைடுல போகுது சார்" என்றார். என் பந்து அவ்வளவு திரும்பும் என்று நம்பிய ஒரே மனிதர் இவ்வுலகில் அவர்தான் என்பதால் கோபம் வரவில்லை.

அடுத்தது கையில் வழுக்கி இரண்டு குத்து குத்திப் போய்ச் சேர்ந்தது. நோபால். 1900-இல் லார்ட்ஸில் போசன்கெட் போட்ட கூக்ளி ஒன்று நான்கு குத்து குத்தியது. அதில்தான் சாமுவேல் கோ 98 ரன்னில் ஸ்டம்பிங் ஆனார். 2017-இல் எம்.சி.சி. சட்டத்தைத் திருத்தி, ஒரு குத்துக்கு மேல் குத்தினாலே நோபால் என்று ஆக்கிவிட்டது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஃப்ளைட் கொடுங்க சார்!" என்று கேப்டன் கத்தினார். கொடுத்தேன். பந்து காற்றில் நன்றாகத்தான் மிதந்தது, பெரும்பாலும் மட்டையில் பட்ட பிறகு. வேலிக்கு வெளியே சீமைக் கருவேலங்காட்டில் பந்து தேடியபோதுதான் எங்கள் அணி முதல்முறையாக ஒற்றுமையாகச் செயல்பட்டது. பந்தோடு திரும்பியதும் பேட்ஸ்மேன் பையன் அக்கறையாகக் கேட்டான்: "அங்கிள், கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா?"

கடைசியில் விக்கெட் விழுந்தது. இடுப்பு உயரத்தில் ஒரு ஃபுல் டாஸ். அதை எங்கே அனுப்புவது என்று பையனுக்கு ஏகப்பட்ட யோசனை. எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் அடிக்கப் பார்த்து, டீப் மிட்விக்கெட்டில் கேட்ச். பந்து இப்படி வரும் என்று பையன் எதிர்பார்க்கவே இல்லை. ஸ்பின்னின் இலக்கணமே அதுதானே!

1956-இல் மான்செஸ்டரில் இங்கிலாந்து ஸ்பின்னர் ஜிம் லேக்கர் 90 ரன்னுக்கு 19 விக்கெட் எடுத்து, வீடு திரும்பும் வழியில் ஒரு மதுக்கடையில் சாண்ட்விச் சாப்பிட்டார். அங்கே ஒருவருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. வீட்டில் மனைவி ஆஸ்திரியாக்காரர், கிரிக்கெட் அறியாதவர். நாள் முழுக்க ஃபோன் அடித்துக்கொண்டே இருந்ததால், இன்று ஏதாவது நல்லதாகச் செய்தீர்களா என்று கேட்டாராம். பாக்கியவான்! இப்போது ஸ்கோர் எழுத ஒரு செயலி இருக்கிறது. நான் வண்டியை நிறுத்துவதற்குள் பந்துக்குப் பந்து விவரம் வீட்டுக்குப் போய்விடுகிறது.

"3 ஓவர், 42 ரன், 1 விக்கெட். எகானமி 14-ஆங்க?"

"ஆமா" என்றேன், விக்கெட்டைப் பற்றிக் கேட்பாள் என்று.

"வண்டி மைலேஜும் அதேதான். ரெண்டும் ஒண்ணா மோசமாயிட்டு வருது."

அந்த ஃபுல் டாஸை எப்படித் திட்டமிட்டேன் என்று நான் விளக்க ஆரம்பித்த நேரத்தில் கேப்டன் ஃபோன் செய்தார். அடுத்த ஞாயிறு நாக் அவுட் ஆட்டமாம், நான் இல்லாமல் முடியாதாம். ஸ்பீக்கரைப் போட்டு, மனைவிக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினேன்.

"அன்னிக்கு பன்னெண்டு பேர் வர்றோம் சார். மேல கேரியர் மாட்டிட முடியுமா?"