அண்ணாந்து பார்த்த வகையில்

புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் 28 வருஷம் வரலாறு நடத்தினேன். மறுமலர்ச்சிக் காலம் என்றால் எனக்குக் கொண்டாட்டம். மைக்கேலாஞ்சலோ சாரத்தில் மல்லாக்கப் படுத்துக்கொண்டே சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானத்தை வரைந்தார் என்று சொல்லி, மேசையில் சாய்ந்து நடித்தும் காட்டுவேன். பையன்கள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

ஓய்வு பெற்ற மறு வருஷம், ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் கூப்பிட்டான். ஊரில் கேட்டவர்களிடம் மனைவி, "பையனைப் பாக்கப் போறோம்" என்றாள். நான், "ஃபுளோரன்ஸ், ரோம்... கலை சம்பந்தமா" என்றேன். இந்த ஐரோப்பா மோகம் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் மாலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணைக் கல்யாணம் செய்தார். வெள்ளைக்கார சர்க்கார் அந்தப் பெண்ணை ராணியாக ஏற்கவில்லை. கடைசியில் மன்னர் பிரான்ஸின் கான் நகரில் குடியிருந்து, 1928இல் பாரிஸில் காலமானார். அவர் போனது சமஸ்தானத்து மிடுக்கோடு. நான் புளிக்காய்ச்சல் பாட்டிலோடு.

ஃபுளோரன்ஸில் இறங்கியது ஒரு திங்கட்கிழமை. உஃபீஸி அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. உள்ளே பொட்டிச்செல்லியின் வீனஸ், வெளியே நான், நடுவில் கதவு. "பரவாயில்லை, மைக்கேலாஞ்சலோ செதுக்கின டேவிட் இருக்கான்" என்று மனைவியை அக்காடெமியா கலைக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப்போனேன். டேவிட்டுக்கும் திங்கள்தான் விடுமுறை. மறுநாள் விடிந்ததும் ரோமுக்கு ரயில். "நான் பிளான் போட்டுத் தர்றேம்ப்பா" என்று மகன் மூன்று மாதம் முன்பே கேட்டிருந்தான். வரலாற்று வாத்தியாருக்கா வழி சொல்கிறாய் என்று மறுத்தவன் நான். சதுக்கத்தில் நிற்கும் டேவிட்டின் நகலுக்கு முன்னால் நின்று படம் எடுத்து உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'நகல்' என்ற சொல் எப்படியோ விடுபட்டுப் போயிற்று.

சாப்பாட்டிலாவது அந்த ஊர்க்காரனாகிவிட வேண்டும் என்று லாம்ப்ரெடொட்டோ விற்கும் வண்டியைத் தேடிக் கண்டுபிடித்தேன். மாட்டின் நான்காவது இரைப்பையை வேகவைத்து, நறுக்கி, ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். கொதிக்கிற அண்டாவிலிருந்து ஆவி முகத்தில் அடித்ததும் இரண்டடி பின்னால் வந்துவிட்டேன். "ஞாயித்துக்கிழமையானா குடல் குழம்பு கேக்குற ஆளுதானே நீங்க?" என்றாள் மனைவி. அன்று இரவு விடுதி அறையில் ரொட்டிக்குப் புளிக்காய்ச்சல் தொட்டுக்கொண்டோம். அது நன்றாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ரோமில் சிஸ்டைன் திறந்திருந்தது. காதில் மாட்டிய கருவியில் விளக்கம் ஓடியது: மைக்கேலாஞ்சலோ படுத்து வரையவே இல்லை. 1508 முதல் 1512 வரை சாரத்தில் நின்று, கழுத்தை அண்ணாந்தபடியே வரைந்தார். அந்த வேதனையைக் கவிதையாகவும் எழுதி வைத்தார். 28 வருஷத்து மாணவர்கள் வரிசையாகக் கண்முன் வந்து நின்றார்கள். அதில் இரண்டு பேர் இப்போது வரலாற்று ஆசிரியர்கள். அவர்களும் மேசையில் சாய்ந்து காட்டிக்கொண்டிருப்பார்கள்.

அங்கே பேசக் கூடாது. யாராவது முணுமுணுத்தால் காவலர்கள் 'சிலென்ஸியோ' என்று அதட்டுகிறார்கள். அந்த நேரம் பார்த்து என் சட்டைப்பைக்குள் நாதஸ்வரமும் தவிலும் முழங்கின. நிறுத்துவதாக நினைத்து ஸ்பீக்கரைத் தட்டிவிட்டேன். "மச்சான்! டேவிட் போட்டோ சூப்பர்! நேர்ல பாத்துட்டீகளே!" அண்ணாந்திருந்த அத்தனை தலைகளும் கீழே இறங்கி என்னைப் பார்த்தன.

போன பொங்கலுக்கு மகன் தன் அலுவலகத் தோழி ஒருத்தியோடு வந்தான். இத்தாலிக்காரப் பெண். சித்தன்னவாசல் பார்க்க வேண்டும் என்றாள். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. அங்குள்ள அறிவர் கோயில் விதானத்தில் தாமரைக் குளம்: மீன், பறவை, யானை, எருமை, நடுவே பூப்பறிக்கும் ஆட்கள். பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. "அவரும் ஆசிரியர், நானும் ஆசிரியர்" என்று பெருமையாகச் சொல்லி வைத்தேன்.

"அப்படியானால் மாணவர்களை அடிக்கடி இங்கே கூட்டி வந்திருப்பீர்களே?" என்றாள்.

ஒரே ஒரு தடவை. அன்றும் பாறையிலிருந்து எவனாவது விழுந்துவிடப் போகிறானே என்று தலை எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, தலைக்குமேல் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. மற்ற வருஷங்களில் கொடைக்கானல் போனோம். இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று யோசிப்பது மாதிரி நின்றேன்.

நல்லவேளையாகக் காவல்காரர் கருவறைக்குள் கூப்பிட்டார். "மூச்சை இழுத்துப் பிடிச்சு 'ம்'முனு சொல்லுங்க. ரூமே பாடும்." அந்தப் பெண் செய்தாள், சுவர்கள் ரீங்கரித்தன. மகன் செய்தான், அப்படியே. "சார், நீங்க?" என்றார். உலகத்திலேயே சத்தம் போடச் சொல்லி என்னைக் கேட்ட ஒரே கலைக்கூடம்! நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். இருமல்தான் வந்தது. அதை மட்டும் கருவறை பிரமாதமாகத் திருப்பிப் பாடியது.

வெளியே மண்டபத்திலிருந்து மனைவியின் குரல் கேட்டது. "என்னங்க, தண்ணி வேணுமா?"