உப்பில்லாப் பண்டம்: நாய்த் தின்பண்டவியல் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

தமிழில் நாயைப் பற்றிச் சொல்லப்பட்டவை ஏராளம். நாய்க்கு என்ன தின்னக் கொடுக்கலாம் என்று சொல்லப்பட்டவையோ சொற்பம். பழமொழிகளைத் துழாவினால் அதற்குக் கிடைத்திருப்பது ஒரு முழுத் தேங்காய்தான். அதையும் உடைத்துக் கொடுக்க எவரும் முன்வந்ததாகத் தெரியவில்லை. உருட்டிக்கொண்டு அலைகிறதே என்று ஏளனம் செய்ததோடு சரி. அன்றே யாராவது அந்தத் தேங்காயை உடைத்து, சின்னதாக ஒரு பத்தை கீறிக் கொடுத்திருந்தால் இந்தத் துறைக்கு இந்நேரம் இரண்டாயிரம் வயது ஆகியிருக்கும். போனது போகட்டும் என்று, ஒரு கப் கேழ்வரகு மாவை முதலீடாகக் கொண்டு இவ்வாய்வு தொடங்கப்படுகிறது.

ஆய்வுப் பொருள், வீட்டில் கையால் செய்யும் எளிய நாய்த் தின்பண்டம். ஆய்வுக்கு உட்பட்டவர் மணி: நாட்டு நாய், ஆண், செவலை, எடை 10 கிலோ, கருத்தடை செய்யப்பட்டவர். ஆய்வுக் களம், மதுரையில் ஒரு வீட்டு அடுப்படியும் மொட்டைமாடியும். பூனை இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. இது பகையினால் அன்று. இனிப்பை உணர்வதற்கான மரபணு பூனை இனத்தில் செயலற்றுக் கிடப்பதை அறிவியலார் 2005இல் கண்டறிந்திருக்கிறார்கள். ஆகவே சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பற்றிக் கருத்துச் சொல்ல அதற்குத் தகுதியில்லை. பூனையைக் கேட்டால் தகுதியில்லாதவர் வேறொருவர் என்று சொல்லக்கூடும், கேட்கவில்லை.

முன்னாய்வுகள்

மேலை நாட்டார் இத்துறையின் மூலவராக ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்பவரைக் காட்டுவர். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்காரர், இடிதாங்கி வியாபாரி. தொழில் நிமித்தம் இங்கிலாந்துக்குப் போனவர், கப்பல் துறையில் மாலுமிகள் வீசியெறிந்த காய்ந்த பிஸ்கட்டுக்கு நாய்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்தாராம். இடிதாங்கியை ஓரங்கட்டிவிட்டு, 1860 வாக்கில் கோதுமை, பீட்ரூட், காய்கறி, உலர்ந்த மாட்டிறைச்சி எல்லாவற்றையும் சேர்த்துச் சுட்டு ‘நாய் கேக்’ விற்க ஆரம்பித்தார். அவரிடம் சின்ன வயதில் வேலைக்குச் சேர்ந்த சார்லஸ் க்ரஃப்ட்தான் 1891இல் லண்டனில் தன் பெயரிலேயே நாய்க் கண்காட்சி தொடங்கியவர். அது இன்றும் நடக்கிறது.

இந்த வரலாற்றில் ஒரு பாரபட்சம் இருக்கிறது. கல்லாகக் காய்ந்த பிஸ்கட்டை நாய் விரும்பும் என்ற அதே உண்மையைச் சென்னை டீக்கடைகள் யார் தயவுமின்றிக் கண்டறிந்து, பொறை என்று பெயரிட்டுக் கண்ணாடி ஜாடியில் போட்டு வைத்திருக்கின்றன. டீயில் முக்கினால் மனிதருக்கு, முக்காமல் வீசினால் நாய்க்கு என இருபயன் கொண்ட இந்தக் கண்டுபிடிப்பை எந்த ஆய்விதழும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஸ்ப்ராட் காப்புரிமை என்ற சொல்லைப் பொட்டலத்தின் மேலேயே அச்சிட்டார். பொறைக்காரர் இன்றும் டீதான் ஆற்றிக்கொண்டிருக்கிறார்.

துறை வழி தவறியது 1908இல் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. அந்த ஆண்டில்தான் நியூயார்க்கில் எஃப்.எச். பென்னட் நிறுவனம் எலும்பு வடிவத்தில் பிஸ்கட் வார்த்தது. பின்னாளில் மில்க்-போன் என்று புகழ்பெற்றது அதுவே. எலும்பு வடிவம் என்பது நாய்க்குத் தெரியுமா? இதைச் சோதிக்க மணியின் முன் எலும்பு வடிவம், சதுரம், பிறை, மாவு மிஞ்சியதால் விளைந்த பெயரில்லா வடிவம் ஆகியவை வரிசையாக வைக்கப்பட்டன. எல்லாம் ஒரே வேகத்தில் மறைந்தன. அடியில் விரித்திருந்த செய்தித்தாளின் ஒரு மூலையும் உடன் மறைந்தது. வடிவம் என்பது காசு கொடுப்பவரின் கண்ணுக்கே என்பது இதனால் பெறப்படும். அச்சு வாங்க அலைய வேண்டாம். கத்தியால் கட்டம் போட்டால் போதும்.

கருதுகோள்

நாய்த் தின்பண்டத்தில் பாதி நாய்க்காகச் செய்யப்படுகிறது. மீதி, செய்பவரின் ஆசைக்காக. இரண்டாவது பாதி குறையக் குறைய முதல் பாதிக்கு நல்லது.

செய்முறை

கேழ்வரகு மாவு ஒரு கப். சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் குக்கரில் வேகவைத்து, தோலுரித்து மசித்தது அரை கப். முட்டை ஒன்று. இவ்வளவே. மூன்றையும் பிசைந்தால் கிழங்கின் ஈரமே மாவுக்குப் போதும். ஒட்டினால் இன்னும் ஒரு கை மாவு. சப்பாத்தியைவிடச் சற்றுக் கனமாகத் தேய்த்து, சுண்டுவிரல் நக அளவுக்கும் கட்டைவிரல் நக அளவுக்கும் இடைப்பட்ட கட்டங்களாக வெட்டி, ஓ.டி.ஜி. அடுப்பில் 160 டிகிரியில் அரைமணி நேரம் வைக்க வேண்டும். அணைத்த பிறகும் உள்ளேயே விட்டுவிட்டால் அந்தச் சூட்டில் காய்ந்து மொறுமொறுப்பாகும். அடுப்பு இல்லாதவர் தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, மூடிபோட்டு, இருபுறமும் திருப்பிச் சுடலாம். மொறுமொறுப்பு குறையும், புகார் எதுவும் வராது. சோம்பல் மிகுந்தோர்க்கு இன்னும் எளிய வழி உண்டு. கிழங்கை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, ஆவியில் முக்கால் பதம் வேகவைத்து, சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வடகத்தோடு வடகமாகக் காயப்போடுவது. இதில் காக்கையின் பங்கைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும். மஞ்சள் பூசணி, கேரட், உப்பிடாமல் வேகவைத்துப் பிய்த்த கோழி நெஞ்சுக்கறி எல்லாம் ஏற்புடையவையே. ஈரலென்றால் மணி உயிரையும் கொடுப்பார். அதில் வைட்டமின் ‘ஏ’ மிகுதி என்பதால் வாரத்தில் ஏதோ ஒருநாள், இரண்டு துணுக்கு.

நன்றாகக் காய்ந்தவை காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் இருக்கும். ஈரம் மிஞ்சியவற்றை ஃபிரிஜ்ஜில் வைத்து மூன்று நான்கு நாளில் தீர்க்க வேண்டும். பூஞ்சை பூத்தால் சுரண்டிவிட்டுக் கொடுக்காமல் மொத்தத்தையும் எறிய வேண்டும்.

கேழ்வரகுக்கு மாடிவீட்டு அண்ணன் ஒரு தடை எழுப்பினார். “தம்பி, நாய் ஓநாய் வம்சம். அதுக்குப் போய் ராகி பிஸ்கட்டா? கறியப் போடுங்க.” வம்சம் சரி, வயிறு வேறு. மாவுச்சத்தைச் செரிக்க வைக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு படிகள்தான். நாய்க்கோ நான்கு முதல் முப்பது வரை இருப்பதாக ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்து எரிக் ஆக்செல்சன் குழுவினர் 2013இல் எழுதினார்கள். மனிதர் உழுது விதைத்துத் தின்றதன் மிச்சத்தைத் தின்று தின்று நாய் அடைந்த முன்னேற்றம் இது. நம் ஊர் நாய்கள் கூழும் கஞ்சியும் குடித்தே காவல் காத்தன என்பதற்கு மரபணுச் சான்று தேவையில்லை. அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, “அப்ப ஒரு பிஸ்கட் குடுங்க, பார்ப்போம்” என்றார். தந்ததைத் தின்றார். கருத்து எதுவும் சொல்லவில்லை.

உப்புச் சிக்கல்

இவ்வாய்வின் உயிர்நாடி இந்த இயல். முதல் ஈடு அடுப்பில் ஏறும்போதே அப்பத்தா வந்து நின்றார்.

“உப்புப் போட்டியாடா?”

“நாய்க்கு உப்பு வேணாம் அப்பத்தா.”

“எவன் சொன்னான்? வாயில்லாச் சீவன், கேக்காதுங்கிறதுக்காக உப்பில்லாம போடுவியா?”

வாயில்லாச் சீவன் என்ற வழக்கை மணியைக் கொண்டு ஆராய்ந்தால் அது நிற்காது. வாய் ஒன்றே பிரதானமாக உள்ள சீவன் அது. ஆனால் அப்பத்தாவின் வினாவில் ஓர் ஆழமான தருக்கச் சிக்கல் இருக்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது ஆன்றோர் வாக்கு. நன்றி உப்பினால் விளைவது என்பது இதன் பொருள். நாய் நன்றியுள்ளது என்பது உலகம் ஒப்பியது. நாய்ப் பண்டத்தில் உப்பே சேர்க்கலாகாது என்றால் அந்த நன்றி எங்கிருந்து ஊறுகிறது?

கால்நடை மருத்துவம் சொல்வது எளிது. நாய்க்கும் சோடியம் வேண்டும். அன்றாடச் சாப்பாட்டிலேயே அது கிடைத்துவிடும். கொறிக்கும் பண்டத்தில் தனியே தூவ வேண்டியதில்லை. அந்தக் குறையை மணி உணர்வாரோ எனின், நம்மளவு உணரார். என்னை? மனித நாக்கில் சுவை மொட்டுகள் சுமார் 9,000. நாயின் நாக்கில் சுமார் 1,700. அதற்குப் பண்டம் என்பது முதலில் மணம், அப்புறம்தான் சுவை. உள்ளங்கையில் சற்று வைத்திருந்து இளஞ்சூடாகக் கொடுத்த வெறும் கிழங்கு, உப்பிட்ட ஆறிப்போன பிஸ்கட்டை எளிதாக வெல்லும். கருவாடு அதற்குப் பிடிப்பதும் உப்பினால் அன்று, நாற்றத்தினால். நெத்திலிக் கருவாட்டில் ஏறியிருக்கும் உப்பு அதற்கு ஆகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

அற்றேல், உப்பின்றித் தின்ற நாய் நன்றி மறக்குமோ எனின், மறவாது. எதிர்வீட்டுப் பெண் ஒருமுறை கிழங்கு ஒட்டிய விரலை நக்கக் கொடுத்தாள். அன்றுமுதல் அவள் பள்ளி வேன் ஏறும்வரை கூடவே போய்விட்டு வருவது மணியின் கடமையாகிவிட்டது. அந்தக் கிழங்கில் உப்பில்லை. விரல் வியர்த்திருந்தால் அதில் உப்பு இருந்திருக்குமே என்று மறுப்பார் உளர். அந்த மறுப்பு வலுவானது, பரிசீலனையில் உள்ளது.

எஞ்சி நிற்பது ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்ற மற்றொரு வாக்கு. இதை இகழ்ச்சியாகவே உரைகாரர் அனைவரும் கொண்டனர். குப்பையை விடியற்காலையில் முதலில் சென்று ஆராய்பவர் யார் என்பதை அவர்கள் எண்ணவில்லை. இது இகழ்ச்சி அன்று, முகவரி. உப்பில்லாப் பண்டம் யாருக்குரியது என்பதை முன்னோர் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அப்பத்தாவிடம் இவ்விளக்கம் சமர்ப்பிக்கப்பட்டது. “உன்னப் படிக்கவச்ச காச மாட்டுல போட்டிருக்கலாம்” என்பது அவரது மதிப்புரை.

விலக்கப்பட்டவை

இந்த இயலில் விளையாட்டு இல்லை. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பச்சையானாலும் வெந்தாலும் பொடியானாலும் அதே கேடுதான். சோர்வு சில நாள் கழித்துக்கூடத் தெரியலாம். சாம்பார் சாதமும் பிரியாணி மிச்சமும் இதில் அடங்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. எத்தனை தின்றால் ஆபத்து என்று கணிக்க முடியாததால் பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் ஒன்றிரண்டைக்கூடப் பொறுக்கிப் போடக்கூடாது. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினை நாயின் உடல் மெதுவாகத்தான் வெளியேற்றும். நிறம் கறுக்கக் கறுக்க ஆபத்து கூடும். தீபாவளிக்கு வரும் பரிசுப் பெட்டிகளை உயரத்தில் வைக்க வேண்டும். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி, சர்க்கரையில்லாத சூயிங்கத்திலும் சில வேர்க்கடலை வெண்ணெய்களிலும் இருக்கும். இரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கும், கல்லீரலையும் கெடுக்கும். கடைப் பொருளைச் சேர்க்குமுன் லேபிளைப் படிக்க வேண்டும். அதைவிட, வேர்க்கடலையை உப்பில்லாமல் வறுத்து வீட்டிலேயே அரைத்துக்கொள்வது மேல். வெந்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். இவற்றில் எதையாவது தின்றுவிட்டால் என்ன ஆகிறது பார்ப்போம் என்று காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

அளவை இயல்

தின்பண்டம் ஒரு நாளைய மொத்த கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது மருத்துவர் விதி. அந்த மொத்தத்தைக் காண எடையின் 0.75 அடுக்கை 70ஆல் பெருக்கச் சொல்வார்கள். அடுக்கு என்றதும் அஞ்ச வேண்டாம்; மளிகைக் கடைக் கால்குலேட்டர் போதும். எடையை எடையால் இருமுறை பெருக்கி, வர்க்கமூலப் பொத்தானை இருமுறை தட்டினால் முடிந்தது. மணிக்கு 10, பின் 1,000, பின் 31.6, பின் 5.62. எழுபதால் பெருக்க 394. கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு இதை 1.6ஆல் பெருக்க வேண்டும். சுமார் 630 கலோரி. பண்டத்துக்கு 63.

மேற்படி மாவுருண்டை முழுவதிலும் ஏறக்குறைய 560 கலோரி இருக்கும். நூறு கட்டமாக வெட்டினால் ஒன்றுக்கு ஐந்தரை. மணியின் நாள் ஒதுக்கீடு பதினொரு துண்டு. பத்துக் கட்டமாக வெட்டினால் ஒரே துண்டு. மகிழ்ச்சியை எண்ணிக்கையில் அளக்கும் உயிரினத்துக்குச் சிறிதாக வெட்டுவதே அறம். உட்கார் என்று சொல்லி, உட்கார்ந்த மறுகணமே கொடுத்தால் நகத்துணுக்குக்கூட வேலை செய்யும். தாமதமாகக் கொடுத்த பெரிய துண்டு எதற்காகக் கிடைத்தது என்று அதற்கு விளங்காது.

ஒலியியல் (சுருக்கமாக)

செரிமானம் பற்றிய ஆய்வுக்கு 1904இல் நோபல் பரிசு பெற்ற பாவ்லவ், உணவு வருமுன் கேட்கும் ஒலிக்கே நாய்க்கு எச்சில் ஊறுவதைக் காட்டினார். அவர் ஆய்வகத்தில் எவர்சில்வர் டப்பாக்கள் இருந்திருக்க வாய்ப்பில்லை. அடுக்கில் ஒரே அளவான டப்பாக்கள் வரிசையாக இருந்தும், புளி டப்பா, பருப்பு டப்பா மூடிகளுக்கு அசையாத மணி, பிஸ்கட் டப்பா மூடிக்கு மட்டும் மொட்டைமாடியிலிருந்து இறங்கி வருகிறார். அந்த மூடியை எந்தப் பகைவனும் ஓசையின்றித் திறக்க முடியாது என்று நம்பியிருந்தோம்.

கணக்கில் வராத இழப்பு

டப்பாவின் இருப்பு, பதினொன்று வீதம் குறைய வேண்டியதைவிட அதிகமாகக் குறைந்து வந்தது. ஐயம் இயல்பாகவே மணியின் மேல் விழுந்தது. ஆனால் டப்பா இருந்தது மேல் அலமாரியில்; நாட்டு நாய்க்கு ஸ்டூல் போட்டு ஏறும் பழக்கமில்லை. இழப்பு மாலை நான்கு மணியை ஒட்டியே நிகழ்ந்தது. அந்நேரத்தில் வீட்டில் நிகழும் ஒரே நிகழ்ச்சி, தாத்தாவின் சர்க்கரையில்லாக் காபி. அப்போது மணி அடுப்படிக்குப் போகாமல் சாய்வு நாற்காலிக்கு அடியில் படுத்திருப்பதும், நாற்காலித் துணியில் கேழ்வரகுத் துகள் ஒட்டியிருப்பதும் பதிவு செய்யப்பட்டன.

நேர்காணலில் தாத்தா எதையும் மறுக்கவில்லை. “இனிப்பு இல்ல, மைதா இல்ல, எண்ணெயும் இல்ல. டாக்டர் சொன்னதெல்லாம் இதுலதான்டா இருக்கு. உங்க அப்பத்தா எனக்குக் குடுக்கிறதுல எதுவும் இல்ல.” மணி ஏன் குரைக்கவில்லை என்று கேட்டதற்கு, ஒன்றுவிட்டு ஒன்று அதற்கும் போவதாகச் சொன்னார். இதனால் பதினொன்று என்ற ஒதுக்கீடு நெடுநாளாக மீறப்பட்டு வந்ததும், மணியின் எடை அரைக் கிலோ கூடியதற்கான காரணமும் ஒருங்கே வெளிப்பட்டன. சூத்திரம் மறுபடி கணிக்கப்பட வேண்டும். தாத்தாவின் எடை 68 கிலோ. அவருக்கு அந்த 1.6 பொருந்துமா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அப்பத்தா விஷயத்தைக் கேட்டு அதிர்ச்சி அடையவில்லை. புளி டப்பாவைக் காலி செய்து, துடைத்து, என் முன்னால் வைத்தார்.

“அந்த மனுசனுக்கும் தனியா ஒரு ஈடு போட்டுரு. அதுலயாச்சும் ஒரு சிட்டிகை உப்பப் போடு.”